இரண்டு மலைகளும் ஒரு சூரியனும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அண்மையில் நடைபெற்ற சித்திரக் காட்சிக்கு நாம் சென்றிருந்தோம். சுவரிலே நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். அவற்றுள் முப்பதுக்குக் குறையாதவற்றில் இரண்டு மலைகள். மலைகளின் இடுக்கிலே ஒரு சூரியன். கீழே வளைந்தோடும் ஆறு. கரையில் ஒரு கூரை வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. வரைந்த கைகள் பல, வரையப்பட்டதோ ஒன்றே!

அம்மலைகள் எங்கே இருக்கின்றன? கோல சிலாங்கூரில் உயர்ந்த இடமென்று சொல்லத்தக்கது ஆற்று முகத்துவாரத்துப் புக்கிட் மெலாவாத்தி. அதுவும் ஒரு சிறு குன்றே. பள்ளிச் சன்னலைத் திறந்தால் பிள்ளை காண்பது கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து மரங்களில் ஒருசேர மின்னி ஒருசேர அணையும் மின்மினிகளைக் காண அயல்நாட்டாரும் வருகின்றனர். தஞ்சோங் காராங்கில் நெல்வயல் பச்சைப் பாயாய் விரிந்து கிடக்கின்றது. இவற்றில் ஒன்றேனும் அம்முப்பது படங்களில் இல்லை.

வேறு வகையான படம் ஒன்று கதவோரத்தில் தொங்கிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுமி தீட்டியது. அரிவாள் கட்டிய நீண்ட கழியை அண்ணாந்து பிடித்திருக்கும் ஒரு மனிதரின் முதுகு. மேலிருந்து விழுந்துகொண்டிருக்கும் ஒரு குலை. காலடியில் வெட்டுண்ட மட்டைகள். விழும் குலைக்கு விலகி நிற்க அம்மனிதர் இடக்காலைச் சற்றே பின்வாங்கியிருக்கிறார். அந்தக் கால் ஒன்றே போதும், இப்பெண் கண்டு வரைந்தவள் என்பதற்கு. வண்ணம் கோட்டை மீறியிருந்ததாம், ஆகவே பரிசில்லை.

ஆசிரியரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்கொள்ள எண்ணவில்லை. அவருக்கும் அவருடைய ஆசிரியர் அதே இரண்டு மலைகளைத்தான் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பார். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடப்பட்டது. (பெயர் தென்னை, பயிர் பனை!) நட்டவர் ஹென்ரி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் இங்குக் கண்டதையும் கேட்டதையும் வைத்து ஒரு நாவல் எழுதி, 1930 இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். அந்நாவலில் தமிழரும் வருகின்றனர். துரை கண்ணைத் திறந்து பார்த்தார். நம் பிள்ளைக்கோ கண்ணை மூடிக்கொண்டு மலை வரையக் கற்றுத் தருகிறோம்.

அச்சிறுமியின் தந்தையாரும் வந்திருந்தார். “பிள்ளையை இத்துறையில் படிக்க வைக்கலாமே, அண்ணே” என்றோம். “படம் போட்டுச் சோறு வருமாங்க?” என்று கேட்டார். இக்கேள்வியை எள்ளி நகையாடும் கலைவாணர்கள் நம்மிடையே உண்டு. நாம் அவ்வாறு செய்யோம். குலைக் கணக்கில் கூலி வாங்கியவர் வேறெதைக் கேட்பார்? விடை சொல்ல வேண்டியது நம் கடமை.

சவர்க்காரப் பெட்டியின் மேலுறை, சட்டையின் பூவேலை, கடைப் பலகை, பாடநூற் படம், அசையும் சித்திரம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒருவர் வரைந்து ஊதியம் பெற்றிருக்கிறார். எழுத்தும் அப்படியே. ஆப்பிள் கைப்பேசியில் தமிழ் படிப்போர் பலர், அவ்வெழுத்துகளை வரைந்தவர் யார் என்று கேட்டதில்லை. ‘தமிழ் சங்கம் எம்என்’ என்னும் அந்த எழுத்துருவை ஆக்கியவர் முத்து நெடுமாறன். இதே சிலாங்கூரின் கேரித் தீவைச் சேர்ந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1985 இல் கணினித் தமிழில் இறங்கியவர். ஓர் எழுத்துருவுக்கு எழுத்துகளின் உருவை வகுக்க வேண்டும். ‘ழ’வின் சுழி எங்கே திரும்புவது, ‘கொ’வின் கொம்புக்கும் உடலுக்கும் எவ்வளவு வெளி விடுவது, சிறிய அளவில் ‘ண’வின் சுழிகள் அடைந்து போகாமல் காப்பது எப்படி என்று மயிரிழை மயிரிழையாக நிறுக்க வேண்டும். யானைத் துதிக்கை போன்ற பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களைக் களைந்து 1935 இல் பெரியார் ‘குடி அரசு’ இதழை அச்சிட்டதும், 1978 இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றதும் நம் வாசகர் அறிந்தவை. அன்று நடந்த வாதம் முழுவதும் எழுத்தின் வடிவம் பற்றியதே. ஆனால் வடிவமைப்பு ஒரு தொழில் என்று மட்டும் நாம் இன்னும் ஒப்பவில்லை.

ஒப்பாததற்குச் சான்று வேண்டுமா? நம் திருமண அழைப்பிதழ்களையும் சங்க ஆண்டு மலர்களையும் கோயில் விழாச் சுவரொட்டிகளையும் எடுத்துப் பாருங்கள். எங்கிருந்தோ இறக்கிய ரோஜாப்பூ. எவரோ எடுத்த தாமரை. ஆறு வகை எழுத்து, ஒன்பது வண்ணம். அச்சகத்துப் பையனிடம் “அரை மணியில் முடித்துக்கொடு தம்பி” என்கிறோம். தாளுக்குப் பணம் உண்டு, மைக்குப் பணம் உண்டு, வரைந்த கைக்கு மட்டும் “அதற்கென்ன காசு?” என்கிறோம். கூலி உழைப்பின் உரிமை என்று மேடையில் முழங்கும் சங்கங்களும் இதில் பின்வாங்குவதில்லை. நம் வாரப் பத்திரிகையின் மேலட்டையும் இவ்விஷயத்தில் தலை நிமிரத்தக்கதன்று.

வழி முழுதும் திறந்து கிடப்பதாகவும் நாம் பொய்யுரைக்க மாட்டோம். 1967 இல் மாரா கழகம் தொடங்கிய கலைப்பள்ளி பூமிபுத்திரருக்கே உரியது. அதே ஆண்டு பிறந்த மலேசியக் கலைக் கழகம் தனியாருடையது. கட்டணம் கட்ட வேண்டும். பினாங்கில் அறிவியல் பல்கலைக் கழகமும் தலைநகரில் அஸ்வாராவும் கலை கற்பிக்கின்றன. சட்டமும் கற்ற ஓவியர் அனுரேந்திர ஜெகதேவா, மலேசிய இந்தியரின் வரலாற்றை இருபத்தைந்து தேய்வழக்குகளாகச் சொல்லும் ஓர் ஓவியத்தை 2001 இல் படைத்தார். இரண்டு மலைகளையும் ஒரு சூரியனையும் இருபத்தாறாவதாக அவரிடம் ஒப்படைக்கலாம்.

காட்சி முடிந்ததும் அக்கதவோரப் படத்தை விலைக்குக் கேட்டோம். சிறுமி தந்தையைப் பார்த்தாள். “சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார் அவர். நாம் மறுத்தோம். அவர் மகளிடம், “எத்தனை நாள் போட்டே?” என்று வினவினார். “நாலு சாயங்காலம், அப்பா” என்றாள். அவர் விரல் மடக்கிச் சிறிது நேரம் கணக்கிட்டு, அறுபது வெள்ளி என்றார். கொடுத்து வாங்கி வந்தோம்.