கோலும் கோல் பிடித்தவனும்

2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு செங்கோல் நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் கொடுக்கப்பட்டு, அப்புறம் அலகாபாத் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த கோல்தான் அது. அதிகார மாற்றத்தின் சின்னமா, ஒரு மடம் கொடுத்த அன்பளிப்பா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. 1947 ஆகஸ்டிலேயே அண்ணா 'திராவிட நாடு' இதழில் இந்தக் கோலைக் குறித்து எச்சரித்து எழுதியதை நம்மவர்கள் எடுத்துக் காட்டினார்கள். எடுத்துக் காட்டவேண்டியதுதான். ஆனால் சச்சரவு முழுக்கக் கோலைப் பற்றியது. கோல் என்று ஒன்று இருந்தால் அதைத் தாங்குகிற, அதற்கு முன்னும் பின்னும் நடக்கிற உடம்புகளும் உண்டு என்பது அந்தப் பேச்சில் அநேகமாக வரவே இல்லை.

'தண்டம்' என்ற சொல்லைப் பாருங்கள். கோல், தண்டனை, அபராதம், படை எல்லாம் அதற்குள் இருக்கிறது. பேச்சுவழக்கில் அதுவே 'வீண்'. படையை வைத்திருப்பவன் தண்டநாயகன். வேலையில்லாமல் வீட்டில் சாப்பிடுகிறவன் தண்டச்சோறு. ஒரே சொல் மேலே பட்டமாகவும் கீழே வசையாகவும் புழங்குகிறது.

செங்கோல் பற்றிய நமது மாபெரும் பிரதி சிலப்பதிகாரம். வளைந்த கோலைப் பாண்டியனின் பிரிந்த உயிர் நிமிர்த்தியது என்று செங்குட்டுவன் சொல்வதை மேற்கோள் காட்டாத தமிழ் மேடை குறைவு. வாசிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. கோலைச் சுற்றி நிற்பவர்கள் யார்? வழக்குரை காதையில் தீக்கனவு கண்ட கோப்பெருந்தேவி அரசனிடம் வருகிறாள். கண்ணாடி, பட்டு, செப்பு, மாலை, கவரி என்று ஆளுக்கொன்றை ஏந்திய பெண்கள் கூட வருகிறார்கள். கூனர், குள்ளர், ஊமையர் வருகிறார்கள். ஏந்தும் பொருளாலோ உடலின் குறையாலோதான் இவர்களுக்கு அடையாளம். ஒருவருக்கும் பேச்சில்லை.

பேசுகிற ஒரே பணியாள் வாயிலோன். அரசனை அறிவு கெட்டவன், முறை தவறியவன் என்று வைதுவிட்டுத்தான், ஒற்றைச் சிலம்போடு கணவனை இழந்தவள் வாசலில் நிற்கிறாள் என்று போய்ச் சொல்லும்படி கண்ணகி அவனிடம் சொல்கிறாள். வாயிலோன் உள்ளே போகிறான், அரசனை வாழ்த்துகிறான், வந்தவளின் உக்கிரத்தைச் சொல்கிறான், சிலம்பையும் கணவனை இழந்ததையும் சொல்கிறான். வசையை மட்டும் விழுங்கிவிடுகிறான். அதைச் சொல்லியிருந்தால் அவன் தலை என்னாகியிருக்கும்? விசுவாசம், பயம், பிழைக்கத் தெரிந்த சாமர்த்தியம் மூன்றையும் பிரிக்கமுடியாத இடம் அது. சேவகம் என்பதன் இலக்கணமே அந்த விழுங்கலில் இருக்கிறது.

சரி, கோவலனை வெட்டியது யார்? உத்தரவு அரசனுடையது. அனுப்பப்பட்ட காவலர்கள் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்று சொல்வதும் அவர்களில் இருப்பவர்தான். கடைசியில் வாளை வீசுகிறவனைப் படிப்பில்லாத குடிகாரன் என்று பிரதி அடையாளப்படுத்துகிறது. இளங்கோவின் நுட்பமும் இதுதான், சாய்வும் இதுதான். பிற்பாடு வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுக்கிறான். கோல் நிமிர்ந்த கணக்கில் அரசனின் ஓர் உயிர் மட்டும் வரவு வைக்கப்படுகிறது. அந்த ஆயிரம் பேருக்கு எந்த மேடையிலும் கணக்கில்லை.

இதற்கு மாற்றாக நம் கோட்பாட்டு நண்பர்கள் தெருக்கூத்தின் கட்டியக்காரனைக் கொண்டுவருகிறார்கள். அரசன் வருகையை அறிவிக்கவேண்டிய சேவகன், திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவையே 'நீர் யாரய்யா?' என்று மடக்குகிறான். ஆகவே அவன் கலகக்காரன் என்கிறார்கள். பக்தினும் துணைக்கு வருகிறார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கட்டியக்காரனின் கேலி ராஜாவோடு நிற்பதில்லை. பெண்கள் மேலும் கீழ்ச்சாதிகள் மேலும் தாராளமாக இறங்குகிறது. விடிந்தால் கிரீடம் அதே தலையில்தான். சிரிக்கவைப்பதும் அரண்மனை கொடுத்த வேலைகளில் ஒன்று. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு பலம் உண்டு. வேலைக்காரன் கேட்டு, ராஜா தன் பெயரைத் தானே சொல்லவேண்டியிருக்கிறது. வாயிலோன் விழுங்கியதில் கொஞ்சம் இங்கே வெளியே வருகிறது. அவ்வளவுதான், அதற்குமேல் அதைக் கலகம் என்று ஊதவேண்டாம்.

இதெல்லாம் பழங்கதை இல்லை. கலெக்டர் ஆபீசிலும் உயர் நீதிமன்றத்திலும் வெள்ளை உடுப்பு, குறுக்கே பட்டை, அதில் பித்தளை வில்லை. 'டவாலி' என்கிற சொல் அந்தப் பட்டையையும் குறிக்கிறது, அதைப் போட்டிருக்கும் ஆளையும் குறிக்கிறது. பொருளும் மனிதனும் ஒரே பெயரில்! 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, கோல் ஏந்திய சேவகர் தன் வருகையை அறிவிப்பதை ஏற்கவில்லை. 'மை லார்ட்' என்ற விளிப்பையும் வேண்டாமென்றார். மதிக்கவேண்டிய செயல். ஆனால் ஒரு நீதிபதியின் மறுப்பு வரலாறாகிறது. முன்னால் நடக்கிறவர் 'நான் நடக்கமாட்டேன்' என்றால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கான மெமோ ஆகிவிடும். மறுக்கிற உரிமையும் கோலோடு சேர்ந்தேதான் பங்கிடப்பட்டிருக்கிறது.

2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்துக்குத் தடை வந்து, பிறகு விலக்கப்பட்டபோதும் இதே கதைதான். மடத்தின் உரிமை ஒரு பக்கம், அரசின் அதிகாரம் ஒரு பக்கம். பல்லக்குத் தண்டு அழுத்திய தோள் யாருடையது, அந்தத் தோளுக்கு என்ன கருத்து என்கிற பேச்சு ஓரத்தில் கிடந்தது.

செங்கோன்மை பற்றி எழுத நம்மிடம் பேராசிரியர்கள் நிறைய உண்டு. டவாலிகளிடமும் பல்லக்குத் தூக்கிகளிடமும் போய் உட்கார்ந்து, அவர்கள் என்ன சுமந்தார்கள், எதை விழுங்கினார்கள் என்று கேட்டு எழுதுகிற வேலை மிச்சமிருக்கிறது. அரசியல் பேசுகிற எழுத்தாளர்கள் அதை எடுத்துச் செய்யவேண்டும்.