அடில்ஸ்டிராப் நிலையப் படங்கள்

ஆங்கில நாட்டுக் கிராமங்களின் பழைய நிழற்படங்களைக் காணும் அன்பர்களிற் பலர், "ஆகா, என்ன அமைதி!" என்று வியந்து ஏட்டை மூடிவிடுகின்றனர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாமும் அங்ஙனம் வியந்தவரே. அவ்வமைதி எங்கிருந்து வந்ததென்று கேட்கத் தொடங்கியது வெகு நாட்களுக்குப் பின்னர்தான்.

அதில் ஒரு பங்கு படக்கருவியின் குறையால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல வினாடிகள் தேவைப்பட்டன. மாதாகோயிலும் கல்வீடும் அசையாது நின்று பதிந்தன; தெருவில் நடந்துபோன உழைப்பாளியோ புகைபோலக் கலைந்து போனான். 1880-களில் விரைவான தகடுகள் பரவிய பின்னும் அவனுக்குப் பெரிய வாழ்வு வந்துவிடவில்லை. படம் விலைக்குரிய சரக்காயிற்று. பிரான்சிஸ் பிரித் (1822-1898) நிறுவிய கம்பெனி ஊரூராகச் சென்று படமெடுத்து விற்றது. வாங்குவோர் விரும்பியது அழகு. ஆள் நின்றாலும் அழகுக்குத் துணையாகவே நிற்கவேண்டும்.

குளோஸ்டர்ஷயரிலுள்ள அடில்ஸ்டிராப் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். கல்வீடுகள், மாதாகோயில், லீ குடும்பத்தாரின் மாளிகை, நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தம் உறவினரோடு வந்து தங்கிய குருமனை ஆகியவை இன்றும் நிற்கின்றன. ஆகவே அவற்றின் பழைய படம் புதிதாகச் சொல்லக்கூடியது கொஞ்சமே. புகைவண்டி நிலையத்தின் செய்தி வேறு. 1853-இல் திறக்கப்பட்ட அது 1966-இல் மூடப்பட்டு, பின்னர் இடித்தும் அகற்றப்பட்டது. வண்டிகள் இன்றும் அவ்வழியே நில்லாமல் ஓடுகின்றன. எஞ்சிய பெயர்ப்பலகையும் ஒரு பெஞ்சும் ஊரிலுள்ள பஸ் நிறுத்தக் கொட்டகையில் இருக்கின்றன. எனவே இந்தத் தொகுதியில் முதலிடம் மாளிகைக்கன்று, நிலையப் படத்துக்கே உரியதென்பது நம் துணிபு.

இந்நிலையத்தை உலகறியச் செய்தவர் கவிஞர் எட்வர்டு தாமஸ். 1914 ஜூன் 24-ஆம் நாள் அவர் சென்ற வண்டி அங்கே நின்றது. ஆறு வாரத்துக்குள் பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. 1915 ஜனவரியில் கவிதை பிறந்தது. 1917-இல் அவர் அர்ராஸ் போரில் மாண்டார். கவிதையில் மேடை வெறுமையாகக் கிடக்கிறது, ஏறுவாருமில்லை, இறங்குவாருமில்லை. கவிதைக்கு அது பெருஞ்சிறப்பே. நாம் குறை கூறவில்லை. ஆயினும் அதைப் படித்தவர்கள் படத்திலும் வெறுமையையே தேடுகின்றனர். கைகாட்டியை இறக்க ஒருவன், மூட்டை சுமக்க ஒருவன், சீட்டுக் கொடுக்க ஒருவன் இல்லாமல் வண்டி நின்று புறப்படுமா? அக்காலத்து நிலையப் படங்கள் பலவற்றில் சிப்பந்திகள் பித்தளைப் பொத்தான் மின்ன வரிசையாக நிற்கின்றனர். கவிதை காணாதவர்களைப் படம் காட்டுகிறது.

ஆனால் படத்துக்குக் கீழே எழுதுவோர் செய்யும் அநீதியை மன்னிக்க இயலாது. மாளிகையின் உடைமையாளர் பெயர் தலைமுறை தலைமுறையாகக் குறிக்கப்படும். சிப்பந்திகளுக்கோ "ஊழியர்கள்" என்ற ஒரே சொல். நிலையம் போய்விட்ட பிறகு, அவர்கள் இன்னாரென்று சொல்லும் ஆளும் போய்விடுவார்.

இதை எழுதும் கிராணியாகிய நம் காரியாலயச் சுவரிலும் ஒரு பழைய படம் தொங்குகிறது. நாற்காலியிலிருக்கும் துரையின் பெயர் மட்டும் அதில் அச்சாகியுள்ளது. பின்வரிசையில் நிற்போரில் ஏழுபேரை லயத்திலுள்ள ஒரு பாட்டியார் சென்ற வாரம் அடையாளங் காட்டினார். அவ்வேழு பெயர்களையும் பென்சிலால் பின்புறத்தில் எழுதியிருக்கிறோம். எட்டாமவர் தம் தமையனோ மைத்துனரோ என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.