குதிரைக்கு ஒரு 'ட'

கடற்கரை–தாம்பரம் மின்வண்டியில் வந்திறங்கி, சட்டைகூட மாற்றாமல் ஆறு வயது மகளோடு தரையில் சதுரங்கப் பலகையை விரிக்கும் அப்பாக்களை எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் நாள் சிப்பாய்கள் மட்டும். நேரே நகரும், குறுக்கே வெட்டும் என்றதும் குழந்தை நெற்றியைச் சுருக்கும். யானை, மந்திரி, ராணி சுலபம். குதிரைதான் சோதிக்கும். 'ட' எழுதிக் காட்டினால் குழந்தை பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதன் கையிலிருந்து குதிரையை வாங்க முடியாது.

விசுவநாதன் ஆனந்துக்கும் ஆறு வயதில் கற்றுத் தந்தவர் அம்மா சுசீலாதான். குடும்பம் மணிலாவில் இருந்தபோது, பகலில் தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களை அவர் எழுதி வைப்பார். மகன் பள்ளி விட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து விடை தேடுவார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-ல் செஸ் ஒலிம்பியாடே நம் மாமல்லபுரத்துக்கு வந்தது.

பயிற்சி வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் பலகையை நீங்களே விரியுங்கள். வேண்டுமென்றே மட்டும் தோற்காதீர்கள்; குழந்தைக்குத் தெரிந்துவிடும்.