மூக்கிலிருந்து வால் வரை

பாயின்டர் நாய் பறவையின் வாடை பட்டதும் பாயாது, குரைக்காது. அப்படியே உறைந்து நிற்கும். ஒரு முன்னங்கால் மடங்கியிருக்கும். பறவை பதுங்கிய புதரை நோக்கி மூக்கு நீண்டிருக்கும். 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியே பாயின்டர், செட்டர் இனங்களுக்கு மட்டும்தான்.

கண்காட்சிகளில் பாயின்டரின் உடலமைப்புக்கான விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு கூடுகிறது. அமெரிக்க விதிப்படி ஆண் நாயின் உயரம் 25 முதல் 28 அங்குலம். வால் அடியில் தடித்து நுனியில் ஊசியாக மெலிய வேண்டும், பின்னங்கால் மூட்டைத் தாண்டக் கூடாது, சுருளக் கூடாது, முதுகுக்கோட்டுக்கு மேல் 20 பாகைக்கு மிகாமல் நிற்க வேண்டும். வெட்டிக் குறைத்த வாலுக்கு மதிப்பெண் போய்விடும். நாசித் துளைகள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஓடுகிற ஓட்டத்திலேயே காற்றில் வாடை பிடிக்கிற நாய் அல்லவா! நெஞ்சு அகலத்தைவிட ஆழமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. நெஞ்சு அகன்றால் முன்னங்கால்களின் வீச்சு தடைபடும். ஆழமாக இருந்தால் நாள் முழுக்க ஓட மூச்சு இருக்கும்.

நிறத்தில் மட்டும் இந்தக் கண்டிப்பு இல்லை. ஈரல் நிறம், எலுமிச்சை மஞ்சள், கறுப்பு, ஆரஞ்சு, எதுவும் ஏற்புதான்.