மொளகூட்டலும் பித்தநீரும்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துச் சமையலில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. மொளகூட்டல் என்னும் கூட்டில் அரைத்த தேங்காய், அதன்மேல் தேங்காயெண்ணெய், போதாததற்குச் சோற்றில் நெய். ஜீரணமானால் புகழெல்லாம் தொட்டுக்கொள்ளும் புளியிஞ்சிக்குப் போகிறது! உழைப்பு என்னவோ கல்லீரலுடையது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அது சுரக்கும் பித்தநீர்தான் கொழுப்பைப் பொடித்துளிகளாக உடைக்கிறது. நான் ரசிப்பது அதன் சிக்கனத்தை. பித்த உப்புகளில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைக்கோடியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே திரும்புகிறது. தப்பிப் பெருங்குடலுக்குப் போகும் கொஞ்சம், அங்கே நீர் சுரக்கவைத்து மலத்தை இளக்குகிறது. மலத்தின் பழுப்பு நிறமும் பித்தம் தந்ததே. மலம் வெளுத்துக் களிமண் நிறமானால், லேகியத்தை நம்பி உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள்.