அகராதி காட்டும் கறை

கட்டுமரம் கடல் கடந்தது. சுருட்டு கடல் கடந்தது. மிளகுத்தண்ணீரும் ஆங்கிலேயன் மேசையேறிப் பெயர் பெற்றது. ஆங்கில அகராதியிலே தமிழ்ச் சொற்கள் வீற்றிருக்கும் கோலங் கண்டு பூரிக்கிறோம். பூரிப்போர், ஒரு சொல்லை மட்டும் விரைந்து தாண்டிவிடுகின்றனர். ‘பரையா’ என்பதே அச்சொல்.

பொருள்? சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவன். மூலம்? தமிழ்! பறை என்னும் இசைக்கருவியின் பெயரடியாகப் பிறந்ததென அகராதியார் கூறும் ‘பறையர்’ என்ற சொல், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஏட்டில் ஏறியது. அன்று அது ஒரு மக்கட் பிரிவின் பெயர். 19-ஆம் நூற்றாண்டிலோ, எந்நாட்டவராயினும் விலக்கப்பட்டவர்க்கெல்லாம் அதுவே பெயராயிற்று. தெருநாய்க்கும் அப்பெயர், உலகம் ஒதுக்கிய அரசுக்கும் அப்பெயர்! இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் கூசாது எழுதுகின்றன.

ஆங்கிலத்தை மட்டும் சினந்து பயனென்ன? தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணிற்று. புறநானூற்றுப் பாட்டொன்று, சிறந்த குடிகள் நான்கனுள் பறையனையும் வைத்துப் பாடிற்று. பறையில் இழிவில்லை, முழக்கிய கையிலும் இழிவில்லை. இழிவை ஏற்றியவர் யார்? ஊரென்றும் சேரியென்றும் பிரித்தவர், கிணற்றை மறித்தவர், கோயிற் கதவை அடைத்தவர். வந்தவன் கண்டதை எழுதினான். நாம் காட்டியதைத்தானே அவன் கண்டான்?

இழிவென்று பிறர் எறிந்த பெயரையே கொடியாக உயர்த்தியவரும் உண்டு. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பெயரை மறைத்து உரிமை கேட்க அவர் ஒப்பவில்லை. அகராதி தந்த பொருளுக்கு அதனினும் சிறந்த மறுப்புரை வேறெது?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சொல்லோ ஒழியவில்லை. அதனை அகராதியினின்று கிழித்தெறியச் சொல்லோம். அது நம் குற்றத்தின் சான்று. சான்றை அழிப்பது குற்றவாளிக்கே நலம். ஆனால், பிறரைப் பழிக்க அதனை எடுத்தாளும் எழுத்தை எதிர்ப்போம்.

பாடத்தில் இச்சொல் வந்தால் பொருளை மட்டும் சொல்லி நகர்வது ஆசிரியர்க்கு எளிது. தன் குடிப்பெயரே வசைச்சொல்லாக ஒலிக்கக் கேட்டுத் தலைகவிழும் மாணவனைக் கண்டபின், அவ்வாறு நகர நமக்கு மனம் வரவில்லை. பொருளோடு வரலாற்றையும் சொல்வோம். தலைகவிழ வேண்டியவர் யாரென்பதை வகுப்பு முழுதும் உணரட்டும்!