சிறைவாசலில் ஒரு காட்சி

த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' 2021-இல் வந்தபோது கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கவில்லை, கைபேசியிலேயே வந்தது. எங்கள் தளவானூர்க் குகைக் கோயில் பாறை நிழலில் உட்கார்ந்துகூடப் பார்க்கலாம். செஞ்சி வட்டாரத்து இருளர்களைப் பாம்பு பிடிக்கிறவர்கள், செங்கல் அறுக்கிறவர்கள் என்பதற்கு மேல் அறிய முயலாத நம்மவர்கள், அவர்களைத் தங்கள் கூடத்திலேயே சந்திக்க நேர்ந்தது. அந்த மட்டில் இந்தப் புதிய கருவிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

படத்தின் உயர்ந்த இடம் தொடக்கமே. விடுதலையாகி வருகிறவர்களிடம் சிறைவாசலில் ஜாதி கேட்கிறார்கள். சிலர் வீட்டுக்குப் போகிறார்கள். சிலரைத் தனியே நிறுத்தி, துப்புத் துலங்காத வழக்குகளுக்காகப் போலீசார் கொண்டுபோகிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, நெஞ்சு உறைகிறது. பிறகு லாக்கப்பில் அடியும் உதையும் வருகின்றன. பொய்யில்லை. ஆனால் அவை நீள நீள, நாம் யோசிப்பதை விட்டு அழத் தொடங்குகிறோம். அழுதவனுக்கு மனம் லேசாகிவிடுகிறது. அதுதான் என் ஆட்சேபம்.

இன்னொன்று. 1993-இல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் இறந்த வழக்கே கதைக்கு மூலம். அவர் குறவர், படத்தில் இருளர். கதாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு, நானும் எடுத்துக்கொள்கிறவன்தான். ஆயினும் திரையில் கண்டதையே சரித்திரமாகக் கொள்ளும் ஜனங்கள் நடுவே, குறவர்களின் துயரம் வேறு பெயரில் பதிவாகிவிட்டதே! 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் சாவை ஓர் இளம்பெண் கைபேசியில் படம் பிடித்தாள். அங்கே பெயரை மாற்ற யாருக்கும் வழியில்லை. முதனையில் அன்று யார் கையில் என்ன இருந்தது? வக்கீல் சந்துரு உயர் நீதிமன்றத்தில் நடத்திய ஆட்கொணர்வு மனு இருந்தது.